ஏழாம் வகுப்பில் நவீன அமெரிக்க வரலாறு: எதைப் பிடிப்பது, எதை விடுவது

கேள்வி இதுதான். திருச்சியில் பல வருடம் வரலாறு எடுத்த ஒரு டீச்சர் குடும்பத்தோடு வர்ஜீனியாவுக்கு வந்து, இங்கே லைசென்ஸ் வாங்கி, வரும் ஆகஸ்டில் ஏழாம் வகுப்புக்கு 1865 முதல் இன்று வரையிலான அமெரிக்க வரலாறு எடுக்கப் போகிறார். அவருக்கு மூன்று கவலை. நூற்றைம்பது வருடத்துக்கு மேலான கதையை ஒரே வருடத்தில் எப்படி முடிப்பது? பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் கொட்டாவி விடாமல் எப்படிப் பார்த்துக்கொள்வது? இங்கே பிறந்து வளராத தான், இந்த நாட்டின் ஆறாத புண்களைப் பற்றி இந்த ஊர்ப் பிள்ளைகளிடம் பேசலாமா? வன்முறையை வகுப்பில் எவ்வளவு காட்டுவது என்றும் தனியாகக் கேட்டிருக்கிறார். நானும் இங்கே மிடில் ஸ்கூலில் சமூக அறிவியல் எடுப்பவன்தான், அதனால் பதில் கொஞ்சம் நீளும்.

முதல் கவலைக்கு நேரான பதில்: முடிக்க முடியாது. முடிக்க முயலவும் வேண்டாம். வருடத்துக்குச் சுமார் 180 பள்ளி நாள் என்று காகிதத்தில் இருக்கும். தேர்வு வாரங்கள், பனி விடுமுறை, அசெம்பிளி, ஃபீல்டு ட்ரிப், தீயணைப்புப் பயிற்சி எல்லாம் போக மிச்சம் எவ்வளவு என்று முதல் வருடத்திலேயே தெரிந்துவிடும். பாடப்புத்தகத்தைப் பக்கம் பக்கமாகத் தள்ளிக்கொண்டு போகிற டீச்சர்கள் வசந்த காலத்தில் இரண்டாம் உலகப் போரில் நிற்பார்கள். மாநிலத் தேர்வுக்கு முன்னால் கறுப்பர்களின் சம உரிமைப் போராட்டத்தை அவசரமாக ஓட்டுவார்கள். 1968-க்குப் பிறகு நடந்ததெல்லாம் ஒரே ஸ்லைடு. அதாவது அந்தப் பிள்ளையின் தாத்தாவும் அப்பாவும் வாழ்ந்து பார்த்த காலம்தான் முதலில் அடிபடுகிறது. எதையாவது விட்டே ஆக வேண்டும் என்றால், எதை விடுவது என்பதை ஆகஸ்டிலேயே உட்கார்ந்து நீங்கள் முடிவு செய்யுங்கள். மே மாதத்தில் காலண்டர் உங்களுக்காக முடிவு செய்ய விடாதீர்கள்.

எல்லாவற்றையும் தொட்டுச் செல்லும் முறையில் பிள்ளைகள் நிறையக் கற்றுக்கொள்கிறார்கள் என்றும் சொல்ல முடியாது. 2022-ல் நடந்த தேசிய மதிப்பீட்டில் எட்டாம் வகுப்பு மாணவர்களில் 13 சதவீதம் பேர்தான் அமெரிக்க வரலாற்றில் 'தேர்ச்சி' மட்டத்தை எட்டினார்கள். அந்த மட்டம் சாதாரண பாஸ் மார்க்கைவிட உயரமானது, அதனால் இந்த எண்ணை வைத்துக்கொண்டு ஒப்பாரி வைக்க வேண்டியதில்லை. ஆனாலும், ஒன்றையும் விடாமல் நடத்தினோம் என்ற திருப்தி டீச்சருக்குத்தான், பிள்ளைக்கு இல்லை என்பதற்கு அது போதும்.

நான் ஒரே பீரியடில் கடந்து போகிறவை: முதல் உலகப் போரின் பதுங்குகுழிச் சண்டைகள், வெள்ளி நாணயத் தகராறு, ஹார்டிங், கூலிட்ஜ் என்ற ஜனாதிபதி வரிசை, இரண்டாம் உலகப் போரில் பேர்ல் ஹார்பர், நார்மண்டி, ஹிரோஷிமா தவிர்த்த மற்றப் போர்முனைகள். மாநிலப் பாடத்திட்டம் இவற்றைக் கேட்டால் ஒரு பக்கக் குறிப்பு கொடுத்து, ஒரு குட்டித் தேர்வு வைத்து நகர்ந்துவிடலாம். குற்ற உணர்ச்சி வேண்டாம். பெரிய வகுப்பில் இவை திரும்ப வரும்.

விடுவதைவிடப் பிடிப்பதுதான் கஷ்டம். வருடம் முழுவதற்கும் ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொள்ளச் சொல்வேன்: 'இந்த நாட்டுக்காரர் யார் என்பதை யார் முடிவு செய்கிறார்கள்?' தொழிலாளர் கதையை நூலாகப் பிடிப்பவர்கள் உண்டு, போரை, பணத்தைப் பிடிப்பவர்களும் உண்டு. எதுவும் தப்பில்லை. நான் குடியுரிமையைப் பிடிப்பதற்குக் காரணம், 1868-ல் வந்த 14-வது அரசியல் சட்டத் திருத்தத்தின் முதல் வரியைச் செப்டம்பரில் சுவரில் ஒட்டிவிட்டால், ஜூன் வரை ஒவ்வொரு யூனிட்டிலும் அதைத் திரும்பிப் பார்க்க வைக்கலாம் என்பதுதான். அமெரிக்காவில் பிறந்தவர்களும், குடியுரிமை பெற்றவர்களும், அதன் சட்ட அதிகாரத்துக்கு உட்பட்டவர்களாக இருந்தால், இந்த நாட்டின் குடிமக்கள் என்கிறது அந்த வரி. நேரான வரிதான். அதன்பிறகு நூறு வருடம் நடந்தது என்னவென்று பாருங்கள்.

1882-ல் சீனத் தொழிலாளர்கள் உள்ளே வரத் தடை. சான்பிரான்சிஸ்கோவில் பிறந்த வோங் கிம் ஆர்க் சீனாவுக்குப் போய்விட்டு 1895-ல் திரும்பி வருகிறார், கப்பலை விட்டு இறங்க விடவில்லை. 1898-ல் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொல்கிறது: இங்கே பிறந்தவர், இந்த நாட்டுக்காரர். இரண்டு வருடத்துக்கு முன்னால், 1896-ல், அதே நீதிமன்றம்தான் பிளெஸ்ஸி வழக்கில் கறுப்பர்களுக்குத் தனி ரயில் பெட்டி சரியே என்று சொன்னது. இரண்டையும் அடுத்தடுத்த நாளில் வையுங்கள். 'சார், ஒரே கோர்ட்டா?' என்று ஒரு பிள்ளையாவது கேட்கும்.

1923-ல் பகத் சிங் திண்ட் வழக்கு. பஞ்சாபிலிருந்து வந்தவர், முதல் உலகப் போரில் அமெரிக்க ராணுவச் சீருடை போட்டவர். அன்றைய சட்டப்படி வெளியிலிருந்து வந்து குடியுரிமை பெற 'வெள்ளையர்' ஆகவோ ஆப்பிரிக்க வம்சாவளி ஆகவோ இருக்க வேண்டும். இந்தியர்கள் அந்தக் கணக்கில் வெள்ளையர் இல்லை என்று நீதிமன்றம் ஒருமனதாகச் சொன்னது. ஏற்கனவே குடியுரிமை வாங்கியிருந்த இந்தியர்கள் பலரிடமிருந்து அது பிடுங்கப்பட்டது. அடுத்த வருடம், 1924-ல், இரண்டு சட்டம். ஒன்று, நாடு வாரியாக ஒதுக்கீடு வைத்து ஆசியக் குடியேற்றத்தை ஏறக்குறைய அடைத்தது. இன்னொன்று, இந்த மண்ணின் பூர்வகுடிகள் எல்லோருக்கும் குடியுரிமை கொடுத்தது. ஆயிரக்கணக்கான வருடமாக இங்கே இருப்பவர்களுக்கு 1924-ல் குடியுரிமை! இதை விளக்கவே வேண்டாம், தேதியை மட்டும் போர்டில் எழுதிவிட்டுக் காத்திருங்கள்.

இனி இரண்டாவது கவலை, கொட்டாவி. இந்த வயதுப் பிள்ளைகளுக்கு ஒரு விஷயத்தில் மூக்கு ரொம்பக் கூர்மை: நியாயம். 'அது அநியாயம்' என்பது அவர்கள் ஒரு நாளில் பலமுறை சொல்லும் வாக்கியம், பெரும்பாலும் வீட்டுப்பாடத்தைப் பற்றி. அந்த மூக்கைப் பயன்படுத்துங்கள். அதற்கு மிகச் சுலபமான வழி, அவர்கள் வயதுக்காரர்களைக் கதைக்குள் கொண்டுவருவது. நவீன அமெரிக்க வரலாற்றில் அப்படிப்பட்டவர்களுக்குப் பஞ்சமே இல்லை.

தொழிற்புரட்சி யூனிட்டில் ராக்ஃபெல்லர், கார்னகி என்ற பெரும் தொழிலதிபர்களில் தொடங்காமல் லூயிஸ் ஹைன் எடுத்த படங்களில் தொடங்குங்கள். 1908 முதல் தேசியக் குழந்தைத் தொழிலாளர் குழுவுக்காக அவர் ஊர் ஊராகப் போய் நூற்பாலையிலும் சுரங்கத்திலும் மீன் பதப்படுத்தும் கொட்டகையிலும் வேலை பார்த்த பிள்ளைகளைப் படம் பிடித்தார். பென்சில்வேனியாவில் நிலக்கரியிலிருந்து கல் பொறுக்கும் பையன்கள் முகமெல்லாம் கரியாக வரிசையாக நிற்கும் படம் ஒன்று போதும். படத்தைத் திரையில் போட்டுவிட்டு முதலில் பேசாதீர்கள். என்ன தெரிகிறது என்று மட்டும் எழுதச் சொல்லுங்கள். அடுத்ததாக, படம் எடுத்தவர் யார், யாருக்காக எடுத்தார், எதைச் சட்டகத்துக்கு வெளியே விட்டிருப்பார் என்று கேளுங்கள். ஹைன் ஒரு நோக்கத்தோடு படம் எடுத்தவர், சட்டம் கொண்டுவருவதுதான் அவருக்கு வேண்டும். நல்ல நோக்கத்தோடு எடுத்த படத்தையும் கேள்வி கேட்கலாம் என்று ஏழாம் வகுப்பில் தெரிந்துகொண்ட பிள்ளை, போனில் வரும் படத்தையும் ஒரு நாள் கேள்வி கேட்கும்.

இந்த யூனிட்டில் இன்னொரு லாபம் உண்டு. குழந்தைத் தொழிலுக்கு எதிரான மத்தியச் சட்டம் 1916-ல் வந்தது, 1918-ல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது, நிலைத்து நின்ற சட்டம் 1938-ல்தான் வந்தது. ரத்து செய்த வழக்கைப் போட்டவர் வட கரோலினா நூற்பாலை ஒன்றில் மகன்களை வேலைக்கு அனுப்பிய ஒரு தகப்பன். அவர் ஏன் அப்படிச் செய்தார் என்பதை வகுப்பில் அவருடைய பக்கமிருந்து பேச வையுங்கள். கூலி எவ்வளவு, வீட்டில் எத்தனை வாய், பள்ளிக்கூடம் எத்தனை மாதம் திறந்திருந்தது. சட்டம் என்பது நேர்கோட்டில் ஏறிக்கொண்டே போகும் படிக்கட்டு என்ற நினைப்பு அங்கேயே உடைந்துவிடும்.

பஸ்ஸில் கறுப்பர்களைப் பிரித்து உட்கார வைத்ததை எதிர்த்து அலபாமாவில் நடந்த மான்ட்காமரி பஸ் புறக்கணிப்புக்கு நான் ஒரு முழு வாரம் கொடுப்பேன். வருடத்தில் எனக்குப் பிடித்த வாரம் அதுதான், அதனால் இங்கே கொஞ்சம் நின்று பேசுகிறேன்.

ஆரம்பப் பள்ளியிலேயே எல்லாப் பிள்ளைகளும் ஒரு கதை கேட்டிருப்பார்கள்: வயதான ஒரு தையற்காரம்மா, வேலை முடிந்து களைத்துப்போய் பஸ்ஸில் உட்கார்ந்தார், வெள்ளையருக்காக எழுந்திருக்கச் சொன்னபோது மறுத்தார், மார்ட்டின் லூதர் கிங் வந்தார், எல்லாம் சரியாகிவிட்டது. முதல் நாள் அந்தக் கதையை அவர்களையே எழுத வைத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை திருப்பிக் கொடுத்து, அவரவர் கையாலேயே திருத்த வைக்க வேண்டும்.

அந்தத் தையற்காரம்மா ரோசா பார்க்ஸுக்கு, கைதான 1955 டிசம்பர் 1 அன்று, வயது 42. உடம்பு களைப்பெல்லாம் காரணம் இல்லை என்று பின்னாளில் அவரே எழுதியிருக்கிறார். கறுப்பர் முன்னேற்றச் சங்கத்தின் (NAACP) மான்ட்காமரிக் கிளையில் பல வருடம் செயலாளராக இருந்தவர். இரண்டாம் நாள், அலபாமா ஸ்டேட் கல்லூரியில் ஆங்கிலம் எடுத்த ஜோ ஆன் ராபின்சன், மகளிர் அரசியல் குழுவின் தலைவராக மேயர் கேலுக்கு எழுதிய கடிதத்தைக் கையில் கொடுங்கள். பஸ்ஸில் நடத்தும் விதம் மாறாவிட்டால் மக்கள் பஸ்ஸைப் புறக்கணிக்கப் பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்று பணிவான ஆங்கிலத்தில் எழுதிய எச்சரிக்கை அது. மேலே இருக்கும் தேதியைப் படிக்கச் சொல்லுங்கள்: 1954 மே 21. பார்க்ஸ் கைதாவதற்கு ஒன்றரை வருடம் முன்னால்! வகுப்பில் ஒரு சலசலப்பு வரும். பார்க்ஸ் கைதான இரவே ராபின்சன் கல்லூரியின் சைக்ளோஸ்டைல் மெஷினில் ஆயிரக்கணக்கில் நோட்டீஸ் அடித்து, பொழுது விடிந்ததும் விநியோகித்தார் என்பது அப்போதுதான் அவர்களுக்குப் புரியும். ஒரு ராத்திரியில் கிளம்பிய போராட்டம் இல்லை.

மூன்றாம் நாள், போராட்டக்காரர்கள் முதலில் என்ன கேட்டார்கள் என்று பார்க்கிறோம். இது பெரியவர்களையே திகைக்க வைக்கும். பாகுபாட்டையே ஒழி என்று அவர்கள் தொடங்கவில்லை. மரியாதையாக நடத்த வேண்டும். கறுப்பர் பின்னாலிருந்தும் வெள்ளையர் முன்னாலிருந்தும் வந்த வரிசைப்படி உட்காரட்டும், உட்கார்ந்தவரை எழுப்பக் கூடாது. கறுப்பர் அதிகம் போகும் தடங்களில் கறுப்பின டிரைவர்களை நியமிக்க வேண்டும். அவ்வளவுதான். ஏன் இவ்வளவு கொஞ்சமாகக் கேட்டார்கள் என்று குழுக்களாகப் பேச விடுங்கள். அந்த விவாதத்தில் நீங்கள் வாயே திறக்க வேண்டியிருக்காது.

நான்காம் நாள் கிளாடெட் கால்வின். பார்க்ஸுக்கு ஒன்பது மாதம் முன்னால், 1955 மார்ச் 2 அன்று, அதே ஊரில் அதே காரணத்துக்குக் கைதான 15 வயதுப் பெண். அதற்கு முந்தைய வாரங்களில் அவருடைய பள்ளியில் கறுப்பர் வரலாறு பாடமாக நடந்துகொண்டிருந்தது. பஸ்ஸில் தன்னை எழுந்திருக்க விடாமல் அடிமை முறையை எதிர்த்துப் போராடிய ஹேரியட் டப்மனும் சோஜர்னர் ட்ரூத்தும் ஆளுக்கொரு தோளை அழுத்திப் பிடித்திருந்தது போல இருந்தது என்று அவர் பின்னாளில் பலமுறை சொல்லியிருக்கிறார். (வரலாற்று டீச்சர்களுக்குச் சம்பளம் கம்மி, இப்படி ஒன்றாவது கிடைக்கட்டும்.) அவரை முன்னிறுத்தித் தலைவர்கள் ஏன் போராட்டம் தொடங்கவில்லை என்பது அடுத்த கேள்வி. வயது சின்னது, ஏழைக் குடும்பம், பத்திரிகைகளும் வக்கீல்களும் அவர் குணத்தைக் கிழிப்பார்கள் என்ற பயம். இது நியாயமா என்று கேட்டால் வகுப்பு இரண்டாகப் பிரியும், பிரியட்டும். வெள்ளியன்று கடைசித் துண்டு: 381 நாள் புறக்கணிப்பு நடந்தது உண்மை. ஆனால் பஸ்ஸில் பிரிவினையைச் சட்டப்படி ஒழித்தது பிரௌடர் எதிர் கேல் என்ற வழக்கு, அதில் வழக்குத் தொடுத்த நான்கு பெண்களில் ஒருவர் இதே கால்வின். புறக்கணிப்பா ஜெயித்தது, வழக்கா ஜெயித்தது? ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்கள். மதிப்பெண் முடிவுக்குக் கிடையாது, எந்த ஆவணத்தை வைத்து அந்த முடிவுக்கு வந்தார்கள் என்பதற்குத்தான்.

கேள்விகள் எல்லா வாரமும் ஒன்றுதான் என்பதைக் கவனித்திருப்பீர்கள். யார் எழுதியது, எப்போது, யாருக்காக, அப்போது சுற்றிலும் என்ன நடந்துகொண்டிருந்தது, வேறு ஆவணம் இதோடு ஒத்துப்போகிறதா. ஸ்டான்ஃபோர்டில் சாம் வைன்பர்க் தொடங்கிய குழு இந்த முறையில் நூற்றுக்கும் மேற்பட்ட பாடங்களைத் தயார்செய்து இலவசமாக வைத்திருக்கிறது. காங்கிரஸ் நூலகமும் தேசிய ஆவணக் காப்பகமும் டீச்சர்களுக்கென்றே தனிப் பகுதி வைத்திருக்கின்றன. ஆவணத்தைச் சுருக்குவதும் கடினமான சொல்லை எளிதாக்குவதும் தப்பு என்று நினைக்காதீர்கள். முழுக் கடிதத்தையும் கொடுத்தால் பாதி வகுப்பு இரண்டாம் பத்தியிலேயே கழன்றுகொள்ளும், ஆங்கிலம் புதிதாகக் கற்கும் பிள்ளைகள் முதல் வரியிலேயே. பத்துப் பதினைந்து வரி போதும். மூலத்தை மட்டும் மேசையில் வைத்திருங்கள், பார்க்க ஆசைப்படும் பிள்ளை ஒன்று எப்போதும் இருக்கும்.

1942-ஐ எடுப்பதற்கு இந்த முறைதான் ஆகச் சிறந்தது. பிப்ரவரி 19 அன்று ஜனாதிபதி ரூஸ்வெல்ட் கையெழுத்திட்ட 9066-வது உத்தரவைக் கொடுத்து, இது யாரைப் பற்றியது என்று கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். தேடித் தேடிப் பார்ப்பார்கள், ஜப்பானியர் என்று ஓர் இடத்திலும் இருக்காது. ராணுவம் குறிக்கும் பகுதியிலிருந்து 'எவரையும்' வெளியேற்றலாம் என்றுதான் இருக்கும். அந்த உத்தரவின் பேரில் மேற்குக் கரையிலிருந்து முகாம்களுக்கு அனுப்பப்பட்டவர்கள் சுமார் 1,20,000 ஜப்பானிய வம்சாவளியினர், அவர்களில் மூன்றில் இரண்டு பங்கு அமெரிக்கக் குடிமக்கள். சுவரில் இருக்கும் 14-வது திருத்தத்தை அப்போது யாராவது திரும்பிப் பார்ப்பார்கள். அடுத்த கேள்வி இன்னும் கூர்மையானது: ஜப்பான் குண்டு போட்ட பேர்ல் ஹார்பர் இருப்பது ஹவாயில், அங்கே மக்கள்தொகையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஜப்பானிய வம்சாவளி, அங்கே மட்டும் ஏன் மொத்தமாக முகாமுக்கு அனுப்பவில்லை? ஆபத்துதான் காரணம் என்றால் அங்கேதானே முதலில் செய்திருக்க வேண்டும்? அனுப்பினால் தீவின் பொருளாதாரமே படுத்துவிடும் என்ற இடத்துக்கு அவர்களே வந்து சேர்வார்கள்.

அன்றைக்கு எண்களோடு நிறுத்தாதீர்கள். சான் டியேகோ பொது நூலகத்தில் சிறுவர் பகுதியைப் பார்த்துக்கொண்டிருந்த கிளாரா பிரீட், ரயிலேறப் போன தன் வாசகப் பிள்ளைகள் கையில் ஸ்டாம்பு ஒட்டித் தன் முகவரி எழுதிய போஸ்ட்கார்டுகளைக் கொடுத்தார். சான்டா அனிட்டா குதிரைப் பந்தய மைதானத்திலிருந்தும் அரிசோனாவின் போஸ்டன் (Poston) முகாமிலிருந்தும் அவர்கள் எழுதினார்கள். புத்தகம் கேட்டு, சோப்பு கேட்டு, வெயிலையும் புழுதியையும் பற்றி. அந்தக் கடிதங்கள் இன்று லாஸ் ஏஞ்சலஸில் உள்ள ஜப்பானிய அமெரிக்க அருங்காட்சியகத்தில் இருக்கின்றன, இணையத்திலேயே படிக்கலாம். பிறகு 1944-ல், வெளியேற்ற உத்தரவுக்குப் பணிய மறுத்த கோரெமாட்சுவின் வழக்கில் 6-3 என்று அரசாங்கம் வென்றதையும், 1988-ல் அதே அரசாங்கம் மன்னிப்புக் கேட்டு, உயிரோடிருந்த ஒவ்வொருவருக்கும் 20,000 டாலர் கொடுத்ததையும் சொல்லி முடிக்கலாம்.

ஓர் எச்சரிக்கை இங்கேயே. நடித்துக்காட்டும் விளையாட்டு வேண்டாம். 'ஐந்து நிமிடத்தில் பெட்டி கட்டு' என்று முகாமுக்கு அனுப்புவதுபோல நடிப்பது, பிள்ளைகளை நிறம் பார்த்துப் பிரித்து உட்கார வைப்பது, அடிமைச் சந்தை நடத்துவது, இவையெல்லாம் இன்னும் சில வகுப்பறைகளில் நடந்து செய்தியாகின்றன. பாதிப் பிள்ளைகளுக்கு அது வேடிக்கை, சிலருக்கு அவமானம். ஒருவருக்கும் வரலாறு புரிவதில்லை. வாதாடும் நாடகம், அதாவது நீதிமன்றத்தில் இரு தரப்பு வக்கீலாக நின்று பேசுவது, வேறு விஷயம். அது நன்றாகவே வேலை செய்யும்.

அப்படி வாதாட வைக்க டிங்கர் வழக்கை விட்டால் வேறில்லை. 1965 டிசம்பரில் அயோவாவின் டெ மாயின் நகரில், 13 வயது மேரி பெத் டிங்கர் வியட்நாம் போரில் இறந்தவர்களுக்காகக் கையில் கறுப்புப் பட்டி கட்டிக்கொண்டு பள்ளிக்குப் போனார். சஸ்பெண்ட். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1969-ல் 7-2 என்று மாணவர்கள் ஜெயித்தார்கள். பள்ளி வாசலோடு உரிமையைக் கழற்றி வைத்துவிட்டு யாரும் உள்ளே வருவதில்லை என்பது தீர்ப்பின் சாரம். கவனம்: மாணவர்களுக்கு எதிராக நீதிபதி ஹியூகோ பிளாக் எழுதிய மாறுபட்ட தீர்ப்பை ஒழுங்காகப் படிக்கிற குழுவுக்கு நல்ல பிள்ளைகளைப் போடுங்கள். இல்லாவிட்டால் ஒருதலைப்பட்சமாகிவிடும், போன் தடையை எதிர்த்து மனுவும் வந்து சேரும்.

வியட்நாம் போர் முழுவதையும் இந்த வழக்கு, 1969 டிசம்பர் 1 அன்று பிறந்தநாளைக் குலுக்கி எடுத்த ராணுவ ஆள்சேர்ப்பு லாட்டரி, யேல் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த 21 வயது மாயா லின் வடிவமைத்த வாஷிங்டன் நினைவுச் சுவர் என்ற மூன்றைக் கொண்டே நடத்திவிடலாம். வர்ஜீனியாவிலிருந்து அந்தச் சுவர் எட்டும் தூரம்தான், ஃபீல்டு ட்ரிப்புக்கு இப்போதே எழுதிக் கேளுங்கள். பனிப்போரில் 1962 அக்டோபர் கியூப ஏவுகணை நெருக்கடியின் 13 நாள் ஒன்றை மட்டும் ஆழமாக எடுத்தால் போதும் என்பது என் கட்சி.

வன்முறையை எவ்வளவு காட்டுவது என்று தனியாகக் கேட்டிருந்தீர்கள். 1955-ல் மிசிசிப்பியில் வெள்ளையர்கள் கொன்ற கறுப்பினப் பையன் எம்மெட் டில்லுக்கு வயது 14. அந்தச் சடலத்தின் படத்தை நான் வகுப்பில் காட்டுவதில்லை. சவப்பெட்டியை மூடாமல் ஊர் பார்க்கட்டும் என்று அவன் அம்மா எடுத்த முடிவைப் பற்றியும், ஏன் எடுத்தார் என்றும் பேசுகிறேன். அது போதும், அதுவே கனம். 1963 மே மாதம் அலபாமாவின் பர்மிங்ஹாமில் நிறப் பிரிவினையை எதிர்த்துப் பள்ளிப் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் தெருவில் இறங்கியதையும், அவர்கள் மேல் தண்ணீர் பீய்ச்சி நாயை ஏவியதையும் படத்தோடு காட்டலாம். முந்தின நாளே சொல்லிவிட வேண்டும், பார்க்க விரும்பாதவர்கள் பார்க்காமலிருக்க அனுமதி கொடுக்க வேண்டும். பிள்ளைகளை முன்னால் அனுப்பியது சரியா என்று அன்றைக்கே தலைவர்களுக்குள் பலத்த வாக்குவாதம் இருந்தது, கிங்கே முதலில் தயங்கினார். இந்தக் கேள்வியை நம் வகுப்புப் பிள்ளைகளைவிட யாரும் நன்றாகப் பேச மாட்டார்கள். ஆவணங்களில் வரும் வசைச்சொற்களை வாய்விட்டு வாசிக்க மாட்டோம் என்ற விதியை முதல் வாரத்திலேயே போட்டுவிடுங்கள், உங்களுக்கும் சேர்த்து.

இனி மூன்றாவது கவலை, வெளியாள் என்பது. நீங்கள் அதைக் குறையாகப் பார்க்கிறீர்கள். இங்கே வளர்ந்தவர்கள் கேட்கவே தோன்றாத கேள்வியை நீங்கள் கேட்பீர்கள், அது வகுப்பறையில் பெரிய சௌகரியம். உங்களுக்குத் தெரிந்த இணைப்புகளும் உண்டு. காந்தியிடமிருந்து கிங் கற்றார் என்று ஒரே வரியில் புத்தகம் சொல்லிவிடும். அதற்கு நடுவில் இருந்தவர்களைச் சொல்லுங்கள்: 1936-ல் காந்தியைச் சந்தித்த கறுப்பினப் போதகர் ஹோவர்ட் தர்மன், ஐம்பதுகளில் நாக்பூரில் தங்கி அகிம்சையைப் படித்துவிட்டு வந்து நாஷ்வில் மாணவர்களுக்குப் பயிற்சி கொடுத்த ஜேம்ஸ் லாசன். 1959-ல் கிங் இந்தியா வந்தபோது, திருவனந்தபுரத்தில் தாழ்த்தப்பட்ட சாதிப் பிள்ளைகள் படித்த ஒரு பள்ளியில் அதன் தலைமை ஆசிரியர் அவரை 'அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் உங்களைப் போன்ற ஒரு தீண்டத்தகாதவர்' என்று அறிமுகம் செய்தார். முதலில் சுருக்கென்றது, பிறகு யோசித்துப் பார்த்து ஆமாம் என்று ஒப்புக்கொண்டேன் என்று 1965-ல் தன் அட்லாண்டா தேவாலயத்தில் பேசும்போது கிங் சொன்னார். சாதி இருக்கும் நாட்டிலிருந்து வந்த ஒருவர் இதைச் சொல்லும்போது, பிற நாட்டைப் பார்த்து விரல் நீட்டுகிறார் என்று எந்தப் பிள்ளையும் நினைக்காது. உங்கள் ஊர்க் கதையையும் ஒளிக்காமல் சொன்னால்.

நம் வீடுகள் இந்த வரலாற்றுக்குள் நுழையும் இடமும் 1965-தான். இந்தியாவுக்கு 1946-லிருந்து வருடத்துக்கு 100 பேர் என்றிருந்த ஒதுக்கீட்டு முறையை அந்த வருடக் குடியேற்றச் சட்டம் தூக்கியெறிந்தது. அக்டோபர் 3 அன்று சுதந்திர தேவி சிலையின் அடியில் கையெழுத்திட்ட ஜனாதிபதி ஜான்சன், இது ஒன்றும் புரட்சிகரமான சட்டம் இல்லை என்று பேசினார். அந்தப் பேச்சை வாசிக்கக் கொடுத்துவிட்டு, வகுப்பை ஒரு சுற்றுப் பார்க்கச் சொல்லுங்கள். வட வர்ஜீனியா வகுப்பறையாக இருந்தால் விளக்கம் தேவைப்படாது.

இந்த இடத்தில் டீச்சர்கள் வழக்கமாக 'உன் குடும்பம் எப்படி வந்தது' என்று பேட்டி எடுக்கச் சொல்வார்கள். நல்ல பயிற்சிதான், ஆனால் அப்படிக் கேட்கக் கூடாது. காகிதமில்லாமல் வந்த குடும்பம் இருக்கும், தத்தெடுக்கப்பட்ட பிள்ளை இருக்கும், அடிமைக் கப்பலில் கொண்டுவரப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள் இருப்பார்கள். 'ஐம்பது வயது தாண்டிய யாரையாவது, நாம் படித்த ஏதாவது ஒரு நிகழ்ச்சி நடந்தபோது எங்கே இருந்தீர்கள் என்று கேட்டு வா' என்று மாற்றிக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டுக்காரராக இருக்கலாம், பள்ளியைச் சுத்தம் செய்து பராமரிக்கும் கஸ்டோடியனாக இருக்கலாம். செப்டம்பர் 11-க்கும் இதுவே சரிப்படும். உங்கள் வகுப்பில் யாருமே அன்று பிறந்திருக்கவில்லை, பெண்டகன் உங்கள் மாநிலத்திலேயே இருக்கிறது, ஆளுக்கொரு நினைவு கிடைக்கும். நான்கு நினைவுகள் ஒன்றுக்கொன்று முரண்பட்டால் இன்னும் நல்லது, அதை வைத்து ஒரு பீரியட் ஓட்டலாம்.

தேதி மனப்பாடம் கூடாது என்று பயிற்சிப் பட்டறைகளில் சொல்வார்கள். நான் ஒப்புக்கொள்வதில்லை. இருபது தேதியாவது வருட முடிவில் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரவேண்டும். இல்லையென்றால் பள்ளிகளில் நிறப் பிரிவினை செல்லாது என்ற பிரௌன் தீர்ப்பு முன்னா, மான்ட்காமரி முன்னா என்று தெரியாமல் எந்தக் காரண காரியமும் பேச முடியாது. வகுப்பறைச் சுவர் நீளத்துக்குக் காகிதச் சுருளை ஒட்டி, ஒவ்வொரு யூனிட் முடியும்போதும் பிள்ளைகளே தேதி எழுதட்டும்.

கடைசியாகப் பெற்றோர். 2021-க்குப் பிறகு பல மாநிலங்களில் இனம் பற்றி எப்படிப் பாடம் எடுக்கலாம் என்பதே அரசியல் ஆகிவிட்டது. வேறு சில மாநிலங்கள், இல்லினாயும் நியூஜெர்சியும் போல, ஆசிய அமெரிக்கர் வரலாற்றைக் கட்டாயமாக்கியிருக்கின்றன. உங்கள் மாநிலத்தின் பாடத்திட்ட ஆவணத்தை அச்செடுத்து, ஒவ்வொரு பாடத்துக்கு எதிரிலும் அதன் எந்த எண்ணின் கீழ் வருகிறது என்று பென்சிலில் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். வீட்டிலிருந்து கோபமான மின்னஞ்சல் வந்தால், கருத்தை விளக்க உட்காராதீர்கள். அந்த எண்ணையும் அன்று வகுப்பில் படித்த ஆவணத்தையும் இணைத்து, நீங்களும் பிள்ளையோடு சேர்ந்து வாசித்துப் பாருங்கள் என்று இரண்டே வரியில் பதில் அனுப்புங்கள், பிரின்சிபாலுக்கு ஒரு பிரதியோடு. பெரும்பாலான சமயம் அதற்கு மேல் வளராது. வளர்ந்தால், சந்திப்புக்குத் தனியாகப் போகாதீர்கள். டிபார்ட்மென்ட் ஹெட்டைக் கூடவே அழைத்துப் போங்கள்.